காலையில் நல்லதாகக் காட்டிய டிரான்சிஸ்டர்

உங்கள் பயிற்சிக்கூடத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் பொறுப்பாசிரியர் இரண்டு தரம் என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, இரண்டு பக்கம் காணும். வாழ்த்துச் செய்தி மாதிரி" என்றார். வாழ்த்துச் செய்தி எழுத எனக்கு வராது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் வேலையைப் பற்றி எழுதச் சொன்னால் கிளிநொச்சியில் என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

நீங்கள் இப்போது திருத்துகிற கைத்தொலைபேசிக்குள் நகத்தளவு சில்லு ஒன்று இருக்கிறது. அதற்குள் எத்தனை டிரான்சிஸ்டர் என்று எண்ணி முடிக்க உங்கள் ஆயுள் காணாது. நான் தொழிலுக்கு வந்தபோது ஒரு றேடியோவுக்குள் ஆறோ ஏழோதான். ஒவ்வொன்றும் ஒரு பயற்றங்காய் விதையளவு, மூன்று கால். ஒவ்வொன்றையும் எங்களுக்கு முகம் தெரியும். அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து வளர்ந்த கடைசி ஆட்களில் நான் ஒருவன்.

என் தகப்பன் யாழ்ப்பாணத்தில் காணி இல்லாமல், வட்டக்கச்சியில் குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்து வந்தவர். வாய்க்கால் வெட்ட ஆள் போதாமல் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்தார். பதினெட்டு வயதில் வயலுக்கு ஒளித்துக் கொழும்புக்குப் போனேன். மாமா ஒருவர் பாகங்களைச் சேர்த்து றேடியோ பூட்டுகிற தொழிற்சாலையில் காவலாளி. வெளிநாட்டுச் சாமான் வரத் தடையாக இருந்த காலம் அது. றேடியோக்களை இங்கேயே பூட்டி விற்றார்கள். எனக்கு அங்கே கூட்டுகிற வேலை.

கூட்டிய குப்பையில் டிரான்சிஸ்டர்கள் கிடக்கும். மேசையிலிருந்து விழுந்தவை. மற்றவர்கள் குப்பையோடு கொட்டுவார்கள். நான் பொறுக்கி, ஒரு வெற்று மருந்துப் போத்தலில் சேர்த்து, ஒரு மாதம் கழித்து எஞ்சினியரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் பெயரை எழுதமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. பெரியையா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். இளவயதில் இங்கிலாந்தில், டிரான்சிஸ்டர் செய்யத் தொடங்கிய நாட்களிலேயே அதைச் செய்த தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பூதக்கண்ணாடியின் கீழ் ஒவ்வொன்றாகக் கம்பி ஒட்டிய காலம்.

போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார். நான் அவற்றை மூன்று குவியலாகப் பிரித்து, தனித்தனியாகக் கடதாசியில் சுற்றியிருந்தேன்.

"எதைப் பார்த்துப் பிரிச்சனீ?"

"காலின்ர நீளத்தைப் பார்த்து, ஐயா."

"முழுப் பிழை" என்றார். பிறகு என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "ஆனா பிரிக்கவேணும் எண்டு தோன்றினது உனக்கு மட்டும்தான். நாளைக்குத் தும்புத்தடியை மூலையில வைச்சிட்டு இஞ்ச வா."

இப்படித்தான் நான் சோதிக்கிற மேசைக்கு வந்தேன். விண்ணப்பம் இல்லை, சான்றிதழ் இல்லை.

அந்த மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் அதை நான் கண்டதில்லை. டிரான்சிஸ்டரை மீற்றரில் போட முன்னர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நூறு எண்ணவேண்டும். கைச்சூடு ஏறிய பிறகுதான் மீற்றர். அந்தக் காலத்து டிரான்சிஸ்டர்கள் ஜேர்மானியத்தில் செய்தவை. டிரான்சிஸ்டரை ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன மின்சாரம் சொன்னால் பெரிய மின்சாரத்துக்குத் திறக்கும், மூடும். ஜேர்மானியக் கதவு குளிரில் ஒழுங்காக மூடும். சூட்டில் நீக்கல் விடும். நீக்கலால் மின்சாரம் கசிந்தால் கதவு இன்னும் சூடாகும், சூடானால் இன்னும் கசியும். அப்படியே போய்க் கடைசியில் மூடவே மாட்டாது. பின்னால் வந்த சிலிக்கனில் இந்தக் குணம் மிகக் குறைவு. நீங்கள் சிலிக்கன் பிள்ளைகள், உங்களுக்கு அந்தப் பயம் தெரியாது.

பெரியையா ஏன் பொத்தச் சொன்னார் என்பதை ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் சொன்னார். இங்கிலாந்தில் மாரிகாலத்தில் ஒரு பெட்டி டிரான்சிஸ்டரைச் சோதித்து, நல்லது என்று கையெழுத்து வைத்தவர் அவர். பெட்டி ஒரு சூடான நாட்டுக்குக் கப்பலில் போனது. அங்கே ஒன்றும் வேலை செய்யவில்லை. திரும்பி வந்த பெட்டியில் அவருடைய கையெழுத்து அப்படியே இருந்ததாம்.

"மீற்றர் பொய் சொல்லாது, தம்பி. ஆனா நீ கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நான் குளிரில கேட்டனான், அது குளிரில பதில் சொன்னது." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நல்லகாலம், அது வெறும் றேடியோ."

இன்னொரு நாள் கண்காணி அவசரப்படுத்தினான். நான் பொத்தாமல் ஒரு தட்டு முழுவதையும் சோதித்து அனுப்ப எடுத்து வைத்தேன். பெரியையா வந்து நின்றார். தட்டைப் பார்க்கவில்லை.

"கையைக் காட்டு."

காட்டினேன்.

"மற்றது."

மற்றதையும் காட்டினேன். ஒரு பிடி டிரான்சிஸ்டரைப் பொத்தி நூறு எண்ணினால் அந்தக் கால்கள் உள்ளங்கையில் குத்தி மூன்று மூன்று புள்ளியாகச் சிவந்து கிடக்கும். என் கை மழுமழு என்று இருந்தது.

அவர் ஏசவில்லை. தட்டை என் கையில் தந்து, வெளியே தகரக் கூரையில் வெயிலில் வைத்துவிட்டு, அங்கேயே நின்று சோதிக்கச் சொன்னார். பாதிக்குக் கிட்டப் பழுது. வெயில் சுட்டதைவிட அதுதான் சுட்டது. அன்றைக்குப் பிறகு நான் பொத்திப் பார்க்காமல் ஒன்றையும் விட்டதில்லை.

ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளைத்தான் எழுதப் போகிறேன்.

கொழும்பில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்த வருடம் நான் கையில் ஒரு மீற்றரோடும் காலில் ஒரு செருப்போடும் ஊருக்கு வந்தேன். பெரியையாவுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் தகரக் கொட்டில் ஒன்றில் கடை போட்டேன். பிறகு யுத்தம் வந்தது. பற்றரி தடை, வயர் தடை, டிரான்சிஸ்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு செத்த றேடியோவை அறுத்துத்தான் இன்னொன்றுக்கு உயிர் கொடுக்கலாம். வன்னியில் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டார்களே, அந்த றேடியோக்களில் எத்தனை என் கையால் மாற்றியவை என்று துணுக்காய், ஓமந்தை எங்கும் கேட்டுப் பாருங்கள்.

பல்கலைக்கழகத்தில் படித்த எஞ்சினியர் ஒருவர் என் கொட்டிலில் வந்து நின்றார், ஒரு சார்ஜரைக் கையில் பிடித்துக்கொண்டு. நான் திருத்துவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்கள் எங்க படிச்சனீங்கள்?"

"வட்டக்கச்சி வாய்க்காலில்."

"இல்லை, உண்மையாக் கேக்கிறன்."

"உண்மையாத்தான் சொல்லுறன். தண்ணி எங்க கசியுது எண்டு பார்க்கத் தெரிஞ்சவனுக்கு மின்சாரம் எங்க கசியுது எண்டும் தெரியும்."

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம் பின்னேரங்களில் வந்து என்னிடம் படித்தார். இந்தக் கதையை நான் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது, அந்தக் கதையும் கசிவைப் பற்றித்தான்.

கிளிநொச்சி வெறுமையானபோது நாங்களும் இடம்பெயர்ந்தோம். எந்த இடம் என்று எழுதமாட்டேன். அங்கே வேலை செய்தவர்கள் மேல் ஒரு சொல்லும் விழக்கூடாது. காட்டோரத்தில் ஒரு பள்ளிக்கூடம், அதில் ஆஸ்பத்திரி. அதிலிருந்து ஒரு மைல் கட்டைத் தூரத்தில் எங்கள் கொட்டில். கொட்டிலுக்கு முன்னால் நின்ற பாலை மரத்தில் ஒலிபெருக்கி ஒன்றைக் கட்டியிருந்தேன். நானே செய்த அம்ப்ளிபயர். மத்தியானச் செய்தி நேரத்துக்குச் சனம் வந்து மரத்தடியை நிரப்பும். யார் உயிரோடு, எந்த ஊர் போனது என்று அதில்தான் அறிவார்கள். செய்தி முடிந்ததும் "அண்ணை இல்லாட்டி நாங்கள் குருடுதான்" என்பார்கள். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரித் தாதி பிலோமினா சிஸ்டர் சைக்கிளில் வந்தார். முதல்நாள் போட்ட வெள்ளைச் சட்டை, அதில் காய்ந்த இரத்தம்.

"அண்ணை, பிள்ளைப் பெட்டி செத்துப்போச்சு."

குறைமாதப் பிள்ளைகளைச் சூடாக வைத்திருக்கிற பெட்டி. இருந்தது அது ஒன்றுதான்.

"உள்ளுக்குப் பிள்ளை இருக்கோ?"

"ஏழு மாதத்துப் பிள்ளை. ராத்திரி முழுக்க நான்தான் நெஞ்சில வைச்சிருந்தனான். தாய்க்குக் காய்ச்சல், எழும்ப ஏலாது. எனக்கு இண்டைக்கு நாப்பது காயக்காரர் அண்ணை. நான் எத்தினை பேரை நெஞ்சில வைக்கிறது?"

போய்ப் பார்த்தேன். உள்ளே சூட்டைப் பார்த்துக்கொள்கிற பலகை கரியாகியிருந்தது. அதைத் திருத்த முடியாது. புதிதாகத்தான் செய்யவேண்டும். பெட்டிக்குள் இரண்டு வாகன பல்புகள், வெளியே ஒரு ட்ரக்டர் பற்றரி, சூடு ஏறினால் பல்பை அணைக்கவும் இறங்கினால் கொளுத்தவும் ஒரு சுற்று. நான் தலைக்குள்ளேயே கீறிவிட்டேன். பல்புக்குப் போகிற மின்சாரத்தைத் திறந்து மூட ஒரு பெரிய டிரான்சிஸ்டர் மட்டும் வேண்டும்.

என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று, பழைய கார் றேடியோவிலிருந்து கழற்றிய ஜேர்மானியம். தகரப் பேணிக்குள் கிடந்தது. மற்றது சிலிக்கன். அது பாலை மரத்து அம்ப்ளிபயருக்குள் இருந்தது.

சிலிக்கனைப் போடுவதென்றால் அம்ப்ளிபயரைக் கழற்றவேண்டும். அதன் மின்சாரம் எதிர்ப் பக்கமாக ஓடுவது, சுற்று முழுவதையும் திருப்பிக் கட்டவேண்டும். இன்னும் ஒரு மணித்தியாலம் எடுக்கும். சிஸ்டர் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு காயத்துக்குத் துணி சுற்றுகிறார். ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் ஜேர்மானியத்தைப் போட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, அன்றைக்கு மத்தியானச் செய்திக்குச் சனம் வந்து மரத்தடியில் நிற்கும்போது ஒலிபெருக்கி பேசாமல் இருப்பதை நான் விரும்பவில்லை. அந்தக் கூட்டம் என்னுடைய கூட்டம்.

எட்டு மணிக்கு முன்னர் வேலை முடிந்தது. காட்டோரக் காலை, குளிர் விலகவில்லை. பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். பல்பு எரிந்தது, சூடு ஏறியது, அணைந்தது. இறங்கியது, எரிந்தது. மூன்று தரம். டொக்டர் வந்து நின்று பார்த்தார். இரண்டு நாளாக நித்திரை இல்லாத மனிதன்.

"அண்ணை, இந்த ஆஸ்பத்திரியில எஞ்சினியர் நீங்கள்தான்" என்றார்.

எஞ்சினியர். அந்தச் சொல் என் காதுக்குள் விழுந்த பிறகு நான் அந்த டிரான்சிஸ்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கையில் பொத்தியிருந்தால் நூறு எண்ணுகிற நேரம்தான். பொத்தவில்லை. கண்ணால் பார்த்ததே போதும் என்று நினைத்தேன்.

பிள்ளையைப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாயைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பக்கத்தில் கதிரையில் இருத்தினார்கள். முல்லைத்தீவுக் கடற்கரைப் பெண். றீற்றா என்று எழுதுகிறேன். அது அவருடைய பெயர் இல்லை. கணவன் கடலில் போய்த் திரும்பாதவர். பெட்டிக் கண்ணாடியில் கையை வைத்தபடியே இருந்தார்.

என்னைப் போகவிடாமல் அறுவை அறை விளக்கின் வயரையும் பார்க்கச் சொன்னார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மத்தியானமாகிவிட்டது. மேலே பள்ளிக்கூடத் தகரக் கூரை. வன்னி வெயில் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

விமானச் சத்தம் கேட்டது.

எல்லோரும் பங்கருக்கு ஓடினார்கள். நடக்கக்கூடியவர்கள் நடக்கமுடியாதவர்களை இழுத்தார்கள். பிலோமினா சிஸ்டர் பெட்டிக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்தார்.

"அண்ணை, இதை விட்டிட்டுப் போகலாமோ? இல்லாட்டிப் பிள்ளையைத் தூக்கவோ?"

பிள்ளைகளே, உங்கள் தொழிலில் மீற்றர் கேட்கிற கேள்வி இருக்கிறது, மனிதர் கேட்கிற கேள்வி இருக்கிறது. இது மனிதர் கேட்டது. அதற்கு என்னிடம் ஒரு சரியான பதில் இருந்தது. "மத்தியானத்தில பார்க்கேல்லை, சிஸ்டர்." இவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் அவர் பிள்ளையைத் தூக்கியிருப்பார்.

நான் சொன்னது: "விட்டிட்டு வாங்கோ. பங்கருக்குள்ள ஈரமும் புழுதியும். இது தானாப் பார்க்கும்."

றீற்றா எழும்பவில்லை. "நான் பிள்ளையோட நிக்கிறன்" என்றார்.

அவருடைய தோளைப் பிடித்து எழுப்பியவன் நான். "வா தங்கச்சி. உன்னைவிட அது வடிவாப் பார்க்கும்."

பங்கருக்குள் அரை மணித்தியாலம் இருந்திருப்போம். குண்டு வேறு பக்கம் விழுந்தது, நிலம் மட்டும் அதிர்ந்தது. றீற்றா செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். நானும் சும்மா இருக்கவில்லை. பக்கத்திலிருந்த முதியவர் "பெட்டிக்குள்ள என்னண்டு தம்பி சூட்டை அளக்கிறது?" என்று கேட்டார். நான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். கதவு திறப்பதை, மூடுவதை. கைகளால் காட்டி. அந்த நேரம் மேலே கதவு மூடவே இல்லை.

வெளியே வந்தபோது நான்தான் முதலில் வகுப்பறைக்குள் போனேன். பல்புகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. ஒரு நிமிடம் பார்த்தேன், அணையும் என்று. அணையவில்லை. டிரான்சிஸ்டரில் விரலை வைத்தேன். தோல் ஒட்டிக்கொண்டது. வெப்பமானியில் பாதரசம் கடைசிக் கோட்டைத் தாண்டி நின்றது.

நான் பற்றரி வயரை இழுத்து அறுத்தேன். சிஸ்டர் பெட்டியைத் திறந்து பிள்ளையைத் தூக்கினார். ஈரத்துணி, தண்ணீர், டொக்டர், எல்லாம் நடந்தது. நடுவில் ஒருதரம் சிஸ்டர் ஈரத்துணி மாற்றுவதற்காகப் பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்தார். பொழுது சாய முன்னர் முடிந்துவிட்டது.

டொக்டர் என் தோளில் கையை வைத்தார். "ஏழு மாதப் பிள்ளை அண்ணை. எப்பிடியும் கஷ்டம்தான்." அவர் நல்ல மனிதர். அந்த வசனத்தை அவர் எனக்குத் தந்தார். நான் வாங்கிக்கொண்டேன். சிஸ்டர் என் சுட்ட விரலை மட்டும் பார்த்தார். அதற்கு மருந்து போடவும் இல்லை.

போக எழும்பினேன். வாசலில் றீற்றா இருந்தார், துணியில் சுற்றிய பிள்ளை மடியில்.

"அண்ணை" என்றார். "பிள்ளைக்குச் சூடு காணாமக் குறைஞ்சு போட்டுதோ?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

"அப்பிடித்தான் இருக்கும், தங்கச்சி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நான் நடந்தேன்.

அன்றைக்கே பாலை மரத்து அம்ப்ளிபயரைக் கழற்றினேன். சிலிக்கனை எடுத்து, கையில் பொத்தி, நூறுக்குப் பதிலாக முந்நூறு எண்ணினேன். சுற்றைத் திருப்பிக் கட்டினேன். டிரான்சிஸ்டரைப் பெட்டியில் பூட்டாமல், தள்ளி நிழலில் ஒரு தகரத்தில் பூட்டினேன். அடுத்த நாள் மத்தியானம் வெறும் பெட்டிக்கு முன்னால் இருந்து வெயில் இறங்கும்வரை பார்த்தேன். ஒரு தரமும் பிழை விடவில்லை. அதற்கும் முதல் நாள் மத்தியானத்துக்கும் இடையில் ஒரு மணித்தியால வேலைதான் இருந்தது.

மரத்தடியில் சனம் கேட்டது, "அண்ணை, செய்தி எங்க?"

"பழுதாப் போச்சு."

"நீங்களே பழுதெண்டு சொன்னா நாங்கள் எங்க போறது?" என்று ஒருவர் பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பெட்டி அடுத்த இடப்பெயர்வு வரைக்கும் ஓடியது. அதற்குள் படுத்துப் பிழைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்தி இன்றைக்கு ஆசிரியை. அவளுடைய கல்யாணத்தில் தகப்பன் என்னை முன் வரிசையில் இருத்தி, இந்த மனிதன் செய்த பெட்டிதான் என்று எல்லோருக்கும் சொன்னார். நானும் எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறேன், என் பெட்டி, என் பெட்டி என்று. ஒவ்வொரு தரமும் இரண்டாவது நாளிலிருந்துதான் தொடங்குவேன்.

இந்த மலருக்கு நான் முதலில் எழுதியதும் அதுதான். தடைக் காலத்தில் டிரான்சிஸ்டரால் உயிர் காத்த கதை. எழுதி முடித்து, பேரனிடம் கொடுத்து எழுத்துப்பிழை பார்த்து, உங்கள் பொறுப்பாசிரியருக்குக் கொடுக்க மடித்தும் வைத்துவிட்டேன். பெரியையா மேசைக்கு முன்னால் நின்று "கையைக் காட்டு" என்று கேட்டால் எதைக் காட்டுவது என்று தோன்றியது. மடித்த கடதாசியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினேன்.

கோவிலடியில் கேட்டபோது வீட்டைக் காட்டினார்கள். றீற்றா முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. என்னைக் கண்டதும் நிமிர்ந்து கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"பெட்டிக்கார அண்ணை" என்றார்.

எப்படிச் சொல்வது என்று பஸ்ஸுக்குள் நிறைய யோசித்திருந்தேன். அதெல்லாம் மறந்துபோய்விட்டது. நின்ற நிலையிலேயே சொன்னேன்.

"தங்கச்சி, அண்டைக்குச் சூடு காணாமல் இல்லை. சூடு கூடிப்போச்சு. நான் போட்ட சாமான் பிழை. பார்க்காமப் போட்டனான்."

அவர் குனிந்து ஒரு மீனைப் பிரட்டினார். அடுத்ததைப் பிரட்டினார்.

"தெரியும்" என்றார்.

"ஆர் சொன்னது? சிஸ்டரோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பிள்ளையை என்ர கையில தந்தவா தானே. கொதிச்சுக் கிடந்தது."

"அப்ப ஏன் என்னட்டச் சூடு காணேல்லையோ எண்டு கேட்டனீங்கள்?"

"நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டு பார்க்க."

காற்றுக்கு மணல் பறந்தது. அவர் மீன்களுக்கு மேல் விரித்திருந்த வலையை இழுத்துச் சரிசெய்தார். நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். "வேண்டாம், விடுங்கோ" என்றார்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா என்ன செய்திருப்பீங்கள்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"உங்களை ஏசியிருப்பன். மண்ணள்ளி எறிஞ்சிருப்பன்." வலையின் முனையில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். "சொல்லாதபடியால், ஏன் விட்டிட்டுப் போனனி எண்டு இவ்வளவு காலமும் என்னைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தனான். நான் நிக்கிறன் எண்டு சொன்னனான். பேந்து எழும்பிப் போனனான்."

"நான்தானே எழுப்பினனான்."

"ஓம். அதையும் நீங்கள் சொல்லேல்லை."

நான் எழுதப் போகிறேன், எங்கள் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவேண்டும், எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கோ என்றார். பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நாற்பது வருடத்தில் நான் திருத்திய றேடியோப் பெட்டிகளில் பாதிக்கு, யாருடையது, என்ன பழுது என்று இன்றைக்கும் சொல்லுவேன். இதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"பிள்ளைக்கு என்ன பேர் வைச்சனீங்கள்?"

"இப்பதான் கேக்கிறியள்."

சொன்னார். சிஸ்டர் பெட்டியில் வைக்க முன்னர் ஞானஸ்நானமாகத் தண்ணீர் தொட்டு வைத்த பெயர். "என்ன வேணுமெண்டாலும் எழுதுங்கோ. அந்தப் பேரை எழுதாதேங்கோ. அது என்ரை" என்றார். வெயில் இறங்க முன்னர் மற்றப் பக்கத்தையும் பிரட்டவேண்டும் என்று சொல்லிவிட்டுக் குனிந்தார். நான் போகலாம் என்று அர்த்தம். இருக்கச் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்து வந்தவன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிள்ளைகளே, நீங்கள் சூரிய மின்கலத்துக்கும் இன்வேட்டருக்கும் கொன்ட்ரோலர் பூட்டுகிறீர்கள். குளிரூட்டிய அறைக்குள் சோதித்து, பச்சை விளக்கு எரிவதைப் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். அந்தச் சாமான் போய் இருக்கப்போவது ஓமந்தையிலோ துணுக்காயிலோ ஒரு தகரத்துக்குக் கீழே. அதை நம்பி ஒருவர் எதையாவது விட்டுவிட்டுப் போவார். என்னத்தை விட்டுவிட்டுப் போகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. "இதை விட்டிட்டுப் போகலாமோ?" என்று அவர் கேட்கும்போது நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பார்க்காததையும் சொல்லுங்கள். உங்களை எஞ்சினியர் என்று கூப்பிட்ட அடுத்த நிமிடம் இன்னொரு தரம் சோதியுங்கள். பிழை நடந்துவிட்டால், ஒருவர் வாசலில் இருந்து உங்களைக் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அதைச் சுமந்தவர் சுமந்து முடித்திருப்பார்.

அந்த ஜேர்மானியம் இன்னும் என்னிடம் இருக்கிறது, அதே தகரப் பேணிக்குள். புதிதாக வருகிறவர்கள் ஒருநாள் காலையில் என் வீட்டுக்கு வாருங்கள், எடுத்துத் தருகிறேன். மீற்றரில் போட்டுப் பாருங்கள். நல்லதென்றுதான் காட்டும். பிறகு கையில் பொத்திக்கொண்டு நூறு எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் மீற்றரைப் பார்க்க முன்னர் எனக்கு உள்ளங்கையைக் காட்டுங்கள்.